கல்வெட்டு வாசிக்கப் பழகலாம்: கேள்வி பதில்

பொழுதுபோக்காக எதையாவது கற்க வேண்டும் என்று விரும்பி, கல்வெட்டுப் பக்கம் வந்தவர்கள் கேட்டவை இவை. தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அறுபது வயதைத் தாண்டிவிட்டேன். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றேன். புதிதாக ஒன்றைக் கற்றால் மறதி வராது என்கிறார்கள். உண்மையா? (கும்பகோணம்)

மறதிக்கு மருந்து என்று நான் எழுதித் தர முடியாது ஐயா. அதை மருத்துவரிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்த பயன் வேறு: உங்கள் பழைய தொழிலுக்கே இங்கே புது வேலை கிடைக்கும். சோழர் காலத்து விளக்குத் தானக் கல்வெட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, ஒன்று எரிய 96 ஆடுகள் கொடுப்பார்கள். 'சாவா மூவாப் பேராடு', சாகாத மூப்படையாத ஆடு, என்று கல் சொல்லும். கிழடு கழிந்து குட்டி வளர்ந்து, மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையாது. ஆட்டைப் பெற்றவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். முதல் கரையாமல் வட்டி மட்டும் வரும் வைப்புத்தொகைதானே இது? தொல்லியல் படித்த இளைஞருக்கு இதை விளக்க நேரமாகும். உங்களுக்கு ஒரு வரி போதும். நாகேசுவரன் கோயில் சுவர் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நாளை காலையே போய்ப் பாருங்கள்.

பொறியியல் படிக்கிறேன். வேலைக்கு உதவாத படிப்புக்கு ஏன் நேரம் செலவிட வேண்டும்? (மதுரை)

உதவாது என்று முடிவு செய்துவிட்டே கேட்கிறீர்கள் தம்பி! சரி, உதவாது என்றே வைத்துக்கொள்வோம். பள்ளி தொடங்கி இதுவரை நீங்கள் படித்த எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மதிப்பெண் நின்றது. ஒரு பக்கத்தில் ஒரு வாரம் தங்கிக்கொள்ளும் உரிமை அங்கே கிடையாது. இங்கே உண்டு.

மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றில் தமிழி எழுத்தில் (தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள், தமிழின் மிகப் பழைய எழுத்து) பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. தமிழியில் 'க' என்பது வெறும் கூட்டல் குறி. எழுத்துகளைப் பழக அதிக நாள் ஆகாது. அவற்றின் பொருளைப் பிடிக்கத்தான் காலம் வேண்டும். ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகப் பணியில் இருந்தபோதே இந்த எழுத்துகளில் இறங்கியவர். தமிழிக் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெருநூல் 2003-இல் வந்தபோது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. அவசரப்படாத படிப்புக்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் எழுத்துகளைப் பார்த்தேன். தமிழ் போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? (திருச்சி, இல்லத்தரசி)

சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறீர்கள் அம்மா. தொடங்குவதற்கு அதைவிட நல்ல சுவர் இல்லை. வெட்டு ஆழமானது, வரிசை பிசகாதது.

மூன்று தடைகள் வரும். பெரும்பாலும் புள்ளி இருக்காது. 'வெட்டுக' என்பது 'வெடடுக' என்று நிற்கும். அடுத்தது, குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. 'கொயில' என்று கண்டால் 'கோயில்' என்று நீங்கள்தான் கூட்டி வாசிக்க வேண்டும். மூன்றாவதுதான் தொல்லை: துணைக்காலும் 'ர' எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சொல் தெரிந்தால்தான் எழுத்து தெரியும். இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இதற்கு ஒரு வழி உண்டு. மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரையை, முதலில் மனப்பாடம் செய்யுங்கள். 'திருமகள் போலப் பெருநிலச் செல்வியும் தனக்கே உரிமை பூண்டமை' என்ற தொடரை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் தேடுங்கள். அது ராஜராஜனுடையது; பல ஊர்களில் கிடைக்கும். வடமொழிக்கான கிரந்த எழுத்தில் வரும் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற தொடக்கத்துக்குப் பிறகு பாருங்கள். தெரிந்த சொல்லில் இருந்து தெரியாத எழுத்தைப் பிடித்துவிடலாம்.

அந்தக் கோயிலிலேயே ராஜராஜன் ஆணை ஒன்று உண்டு: நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்பது. அக்கன் என்றால் குந்தவை. தன் கொடைக்கு அடுத்தபடியே அக்காவின் கொடையைச் சொல்கிறான். வரலாற்று நூலில் இதைப் படித்திருப்பீர்கள். விரலால் காற்றில் எழுத்துக்கூட்டி நீங்களே அந்த இடத்துக்கு வந்து சேரும்போது, வழிகாட்டி சொல்லிக் கேட்பது இனிமேல் போதாமல் போகும். தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், நானூறு பேரின் பெயர்களும் அங்கே இருக்கின்றன, எந்தக் கோயிலில் இருந்து வந்தார்கள் என்ற விவரத்தோடு. அதை நிதானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நாளில் நேரமே இல்லை. வாரம் ஒருமுறை போதுமா? (சென்னை)

போதும். ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே கல்லுக்குப் போங்கள். ஊர் ஊராகச் சுற்றினால் படங்கள்தான் சேரும்.

பத்து வயது மகனுக்குச் சொல்லித் தரலாமா? (கோவை)

எண்களில் தொடங்குங்கள். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ரகசிய எழுத்து என்றால் பையன்கள் விடமாட்டார்கள். 'எங்கே, ஒப்பி' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

எழுத்து தெளிவாகத் தெரிய எண்ணெய் அல்லது சுண்ணாம்புப் பொடி பூசலாமா? (நாமக்கல்)

கூடாது. மாவும் கூடாது, கரியும் கூடாது. கல் கெடும், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் சட்டப்படியும் குற்றம். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது போங்கள். இருட்டான இடமென்றால் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். மைப்படி (கல்லெழுத்தை மையால் தாளில் எடுக்கும் படி) எடுக்கும் ஆசை வந்தால் முறையாக அனுமதி வாங்கி, தெரிந்தவரோடு செய்யுங்கள்.

எங்கள் ஊர்க் குளத்தில் துணி துவைக்கும் கல்லில் எழுத்து தெரிகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கலாமா? (சிவகங்கை)

நகர்த்தாதீர்கள். அது எந்த இடத்தில் கிடக்கிறது என்பதும் செய்திதான். சோப்பு போட்டுத் துவைப்பதை மட்டும் வேறு கல்லுக்கு மாற்றச் சொல்லுங்கள். அருகில் ஓர் அளவுகோலை வைத்து, நான்கு பக்கமும் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள். பாண்டிய நாடு ஆயிற்றே, வட்டெழுத்தாக (வளைவு வளைவாக இருக்கும் பழைய எழுத்து) இருந்தால் வாசிக்க இரண்டு பேர் வேண்டும்.