நான்கு பேருக்கு ஒரே ரூட் கடவுச்சொல்: பாதுகாப்பாகப் பகிர்வது எப்படி?

சிறிய அலுவலகம், ஆறு லினக்ஸ் சர்வர்கள், நான்கு நிர்வாகிகள், எல்லாருக்கும் ஒரே ரூட் (சர்வரில் எதையும் செய்யும் அதிகாரமுள்ள தலைமைக் கணக்கு) கடவுச்சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் வேறு எப்படிப் பகிரலாம் என்பது உங்கள் கேள்வி. கடவுச்சொல்லை ஒருவருக்கும் சொல்லாமலே நான்கு பேருக்கும் ரூட் அதிகாரம் கொடுத்துவிடலாம். அவரவர் கணக்கிலிருந்தபடியே ஒரு கட்டளையை ரூட் அதிகாரத்தில் இயக்க உதவும் சூடோ (sudo), லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் 1980 வாக்கிலேயே வந்துவிட்டது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், புதுச்சேரியில் நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்திலும் இதே ஏற்பாடுதான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை வாடிக்கையாளர் ஒருவரின் கோப்புறை முழுவதும் காணவில்லை. ரூட்டின் கட்டளை வரலாற்றைத் திறந்தேன். அழிக்கும் கட்டளை ஒரே வரியில் இருந்தது; யார் தட்டியது, எப்போது தட்டியது என்று எதுவும் இல்லை. உள்நுழைவுப் பட்டியலைப் பார்த்தால் வரிக்கு வரி ரூட், ரூட், ரூட். சர்வர் சென்னையில் இருந்தது. நாங்கள் அனைவரும் அலுவலகத்தின் ஒரே இணைய இணைப்பு வழியாகப் போனதால் ஐ.பி. முகவரியும் ஒன்றே.

எல்லார் கண்ணும் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன பயிற்சியாளன் மீது விழுந்தது. “நான் அந்தப் பக்கமே போகவில்லை அண்ணா” என்றான். அவன் சொல்வது உண்மை என்று நம்பினேன். ஆனால் மேலாளரிடம் எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு வரி ஆதாரம்கூட இல்லை. காப்பு நகலிலிருந்து பிற்பகலுக்குள் கோப்புகளை மீட்டுவிட்டோம். அந்தத் தம்பி இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான். அவனைக் காப்பாற்ற முடியாமல் போனது இன்றும் எனக்கு வலிக்கிறது. தனித்தனிக் கணக்கு என்றால் யாரையோ சந்தேகப்படுகிறார்கள் என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். தவறே செய்யாதவனுக்குத்தான் அது முதலில் தேவைப்படும்.

ஆளுக்கு ஒரு கணக்கு, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய ஆளுக்கு ஒரு எஸ்.எஸ்.எச். சாவி (SSH key) என்று தொடங்குங்கள். ரூட் வேலை வரும்போது சூடோ போட்டு அவரவர் சொந்தக் கடவுச்சொல்லைத் தட்டட்டும். யார், எந்த நேரத்தில், எந்தக் கட்டளையைக் கொடுத்தார் என்பது லாக் என்னும் பதிவுக் கோப்பில் விழுந்துவிடும். அந்த லாக்கை வேறொரு சர்வருக்கும் உடனுக்குடன் அனுப்புங்கள். ரூட் அதிகாரம் உள்ளவரால் அதே கணினியில் இருக்கும் லாக்கை அழிக்கவும் முடியும்.

யாருக்கு என்ன அனுமதி என்பதை எழுதிவைக்கும் சூடோயர்ஸ் (sudoers) கோப்பை எப்போதும் விசூடோ (visudo) கட்டளை கொண்டே திருத்துங்கள். எழுதும் முறையில் பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே சொல்லிவிடும். ஆளுக்கொரு துணைக் கோப்பு வைப்பதாக இருந்தால் கோப்பின் பெயரில் புள்ளி வரக்கூடாது. வந்தால் சூடோ அதைப் படிக்காமல் தாண்டிவிடும். நம் ஊர் வழக்கப்படி இனிஷியலுக்குப் புள்ளி வைத்துப் பெயரிட்டு, அனுமதி ஏன் வேலை செய்யவில்லை என்று அரை நாள் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்தெந்தக் கட்டளைகளை அனுமதிப்பது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இளையவர் ஒருவருக்கு ஒரே ஒரு கோப்பைத் திருத்த மட்டும் அனுமதி தருவதாக நினைத்து வி எடிட்டரை சூடோவில் சேர்ப்பார்கள். எடிட்டருக்குள் இருந்தபடியே முக்காற்புள்ளி, வியப்புக்குறி, பிறகு ஷெல்லின் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலின்) பெயர் என்று தட்டினால் முழு ரூட் ஷெல் திறந்துகொள்ளும். அதன்பின் அவர் செய்வது எதுவும் சூடோவின் வழக்கமான லாக்கில் வராது. கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் கட்டளையிலும் இதே ஓட்டை உண்டு. திருத்தும் வேலைக்குச் சூடோஎடிட் இருக்கிறது: கோப்பின் தற்காலிக நகலைப் பயனரின் சொந்த அதிகாரத்தில் திறந்து, முடிந்ததும் உரிய இடத்தில் வைத்துவிடும். சூடோ போட்டு உடனே சூ கட்டளையால் ரூட்டாக மாறி உட்கார்ந்துகொள்ளும் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். யார் மாறினார் என்பது மட்டும் பதிவாகும், என்ன செய்தார் என்பது பதிவாகாது.

ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது ஆறு சர்வர்களிலும் ரூட் கடவுச்சொல்லை மாற்றி மற்ற மூவருக்கும் சொல்லும் அலைச்சல் இனி இருக்காது. ஆனால் கணக்கின் கடவுச்சொல்லைப் பூட்டினால் மட்டும் போதாது, அவருடைய எஸ்.எஸ்.எச். சாவி அப்போதும் கதவைத் திறக்கும். சாவியையும் நீக்கி, சேஜ் (chage) கட்டளையால் கணக்கையே காலாவதியாக்குங்கள்.

அப்படியானால் ரூட் கடவுச்சொல்லே வேண்டாமா? வேண்டும், உறைக்குள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இப்போதைய அலுவலகத்தில் மின்சாரம் போய் யு.பி.எஸ்.ஸும் தீர்ந்து, காப்பு நகல் சர்வர் திடீரென நின்றது. மின்சாரம் வந்தபின் வட்டுச் சோதனை தோற்று, கணினி அவசரநிலைத் திரையில் நின்றுகொண்டு ரூட் கடவுச்சொல்லைக் கேட்டது. வழக்கமான உள்நுழைவே வராத இடத்தில் சூடோ உதவாது. ரூட் கணக்கைப் பூட்டியே வைத்திருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். மேலாளரின் பீரோவிலிருந்து, ஒட்டிய மடிப்பின் மேல் இரண்டு பேர் கையெழுத்திட்ட உறையை எடுத்து, பதிவேட்டில் நேரத்தைக் குறித்துப் பிரித்தோம். வேலை முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றிப் புதிய உறையில் வைத்தோம். ஒவ்வொரு சர்வருக்கும் வேறு வேறு கடவுச்சொல், வேறு வேறு உறை.

எல்லாம் சரியான பிறகு, எஸ்.எஸ்.எச். அமைப்பில் பெர்மிட்ரூட்லாகின் (PermitRootLogin) என்ற வரியை ‘நோ’ என்று மாற்றி, ரூட் நேரடியாக நுழைவதை நிறுத்துங்கள். மாற்றும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் ரூட் முனையத்தை மூடிவிடாதீர்கள். இன்னொரு முனையத்தில் உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து, சூடோ வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே முதல் முனையத்தை மூடுங்கள்.