ஒரே சாப்பாடு, இரண்டு செயலி, இரண்டு கணக்கு: கீட்டோவுக்கு எதை நம்புவது?

கேள்வி: டாக்டர், எனக்கு 43 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசினும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். எடை 81 கிலோ. இரண்டு வாரமாக கீட்டோ டயட்டில் இருக்கிறேன், அதாவது மாவுச்சத்தை ரொம்பக் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடுகிறேன். சாப்பிடுவதைக் குறித்து வைக்க போனில் இரண்டு செயலிகள் போட்டிருக்கிறேன். ராத்திரி சாப்பிட்ட அதே பனீர், காலிஃபிளவர் பொரியல், தயிருக்கு ஒன்று 26 கிராம் கார்ப் (மாவுச்சத்து) என்கிறது, இன்னொன்று 17 என்கிறது. எதை வைத்துக்கொள்வது? என் அக்கா மகனுக்கு வலிப்பு நோய்க்காக கீட்டோ உணவு ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கும் இதே செயலி போதுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: செயலியைப் பற்றிச் சொல்லும் முன் உங்கள் மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். அதுதான் அவசரம்.

டாபாகிளிஃப்ளோசின் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து. எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் எல்லாம் அதே வகைதான். இந்த மருந்தே உடலைக் கொழுப்பை எரிக்கும் பக்கம் தள்ளி, அப்போது உருவாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருளின் உற்பத்தியைக் கூட்டும். அதோடு மாவுச்சத்தையும் அடியோடு குறைத்தால் கீட்டோன் அளவுக்கு மீறிப்போய் ரத்தம் அமிலமாகிவிடலாம். கீட்டோஅசிடோசிஸ் என்கிற இந்த நிலை உயிருக்கே ஆபத்தானது. வழக்கமாக இது வரும்போது சர்க்கரை 300, 400 என்று எகிறி நிற்கும், உடனே கண்டுபிடித்துவிடலாம். இந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கும்போதே வந்துவிடும் என்பதுதான் பயமே. குளுக்கோமீட்டரில் 160 என்று பார்த்துவிட்டு, வாந்தியை அஜீரணம் என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

அதனால் இன்றே உங்கள் சர்க்கரை மருத்துவரைக் கூப்பிட்டு, கீட்டோவில் இருப்பதைச் சொல்லுங்கள். அவரிடம் பேசும்வரை பழைய அளவுக்கு இட்லியோ சோறோ சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ கூட அதை எழுதியிருக்கலாம். மாற்றுவதா, கீட்டோவைக் கைவிடுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி, இதில் எது வந்தாலும் சர்க்கரை அளவைப் பார்த்து ஆறுதல் அடையாமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருந்தின் பெயரைச் சொல்லி, ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். 'நீங்கள் கீட்டோசிஸில் (உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும் நிலையில்) இருக்கிறீர்கள், வாழ்த்துகள்' என்று செயலி காட்டுவதை யாரும் பாதுகாப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு நீங்கள் சாப்பிடும் மாத்திரை தெரியாது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு விதம்: மாவுச்சத்தைக் குறைத்த சில நாளிலேயே சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அவர்களும் மருந்தளவை மாற்றாமல் தொடங்கக் கூடாது.

இனி அந்த 26, 17 கணக்குக்கு வருவோம். இரண்டு செயலியும் பொய் சொல்லவில்லை. ஒன்று மொத்த மாவுச்சத்தைக் காட்டுகிறது. மற்றது நார்ச்சத்தைக் கழித்துவிட்டு, நெட் கார்ப் என்பதைக் காட்டுகிறது. பொரியலில் 150 கிராம் காலிஃபிளவர் இருந்தால் அதில் நார்ச்சத்து 3 கிராம். மேலே தூவிய தேங்காய்த் துருவல் 30 கிராம் என்றால் அதில் இன்னொரு 3 கிராம் சொச்சம். வெங்காயத்தையும் சேர்த்தால் ஆறரை கிராம் அங்கேயே போய்விட்டது. மிச்சமிருக்கும் இரண்டரை கிராம் பெரும்பாலும் பனீரால் வந்திருக்கும். செயலியில் 'பனீர்' என்று தேடிப் பாருங்கள், நூறு கிராமுக்கு ஒரு பதிவில் 1 கிராம் கார்ப் இருக்கும், அடுத்ததில் 5 இருக்கும். இரண்டையும் யாரோ ஒரு பயனர் ஏற்றியிருப்பார்.

நெட் கார்ப் கணக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அமெரிக்க அட்டவணைகளில் கார்போஹைட்ரேட் என்பது நார்ச்சத்தையும் சேர்த்தது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் 528 உணவுகளுக்குக் கொடுத்திருக்கும் கார்போஹைட்ரேட் நார்ச்சத்து நீக்கியது. ஐரோப்பிய பாக்கெட்டுகளில் அச்சிட்டிருப்பதும் அப்படித்தான். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு செயலி மறுபடியும் நார்ச்சத்தைக் கழித்தால் கார்ப் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். சோதித்துப் பார்க்க வழி உண்டு. 100 கிராம் தேங்காய் என்று போடுங்கள். மொத்தம் 15 கிராம், நார்ச்சத்து 9, நெட் 6 என்கிற மாதிரி வந்தால் சரி. நெட் கார்ப் பூஜ்யத்துக்கோ அதற்கும் கீழேயோ போனால் அந்தப் பதிவைத் தொடாதீர்கள்.

எந்தச் செயலி என்று கேட்டால், குரோனோமீட்டர் ஆய்வக அட்டவணைகளை ஒட்டிப் போவதால் எண்கள் நம்பகமானவை. சோடியம், பொட்டாசியம், மெக்னீசியமும் காட்டும். முதல் சில வாரங்களில் உப்பும் தண்ணீரும் உடம்பிலிருந்து இறங்கித் தலைவலி, கால் பிடிப்பு வரும்போது அது உதவும். கார்ப் மேனேஜர் கீட்டோவுக்கென்றே செய்தது, நெட் கார்ப் முதலிலேயே கண்ணில் படும். மைஃபிட்னஸ்பாலில் எதைத் தேடினாலும் கிடைக்கும், ஆனால் பெரும்பகுதி பயனர்கள் ஏற்றியது. பெங்களூருவின் ஹெல்திஃபைமீயில் நம்மூர் பலகாரங்கள் கரண்டி, கப் அளவோடு இருப்பது வசதி. நம் சமையல் சாப்பிடுகிறவருக்கு என் தேர்வு குரோனோமீட்டர்தான். சொந்தச் சமையல் குறிப்பைக் கிராம் கணக்கில் ஏற்ற முடிவதுதான் எனக்கு முக்கியம். அது முடிந்தால் வேறு எது வைத்திருந்தாலும் சரி.

ஏனென்றால் 'மீன் குழம்பு, ஒரு கப்' என்று செயலி சொல்வது உங்கள் வீட்டுக் குழம்பு இல்லை. எலுமிச்சை அளவு புளி என்றால் சுமார் 30 கிராம், அதில் மட்டும் 15 கிராமுக்கு மேல் கார்ப் இருக்கிறது. சக்கையைப் பிழிந்து எறிந்தாலும் பெரும்பகுதி குழம்பில்தான் இறங்கியிருக்கும். சின்ன வெங்காயத்தில் பெரிய வெங்காயத்தைவிடச் சர்க்கரை கூடுதல். கிச்சன் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலிச் சட்டியின் எடையை ஒருமுறை குறித்து வையுங்கள். குழம்பில் போட்ட ஒவ்வொன்றையும், தாளித்த எண்ணெய் உட்பட, ஒரே குறிப்பாக ஏற்றுங்கள். இறக்கியதும் சட்டியோடு எடை போட்டு, சட்டி எடையைக் கழியுங்கள். குழம்பு 1,200 கிராம் வந்தால், எத்தனை பங்கு என்று கேட்கும் இடத்தில் 1,200 என்றே போடுங்கள். அப்புறம் கிண்ணத்தில் 150 கிராம் ஊற்றிக்கொண்டால் 150 பங்கு, கணக்கு தானாக வந்துவிடும். வீட்டில் திரும்பத் திரும்பச் செய்கிற பத்துப் பதினைந்து குழம்பு, பொரியலை இப்படி ஒருமுறை ஏற்றிவிட்டால் அதன்பின் வேலை சுலபம்.

பச்சையாக எடை போட்டீர்களா, வெந்த பிறகா என்பதையும் பாருங்கள். 200 கிராம் பச்சைக் கோழி வெந்தால் 150 கிராம் அளவுக்குச் சுருங்கிவிடும். பதிவு மாறினால் புரதக் கணக்கு கால்வாசி தவறும். போட்டோ எடுத்தால் கலோரி சொல்கிற வசதியை கீட்டோவுக்கு நம்ப வேண்டாம். பொரியலுக்குள் போன எண்ணெயும் தயிரில் கலந்த சர்க்கரையும் படத்தில் தெரியாது.

இலக்குகளைச் சதவீதத்தில் விடாமல் கிராமில் வையுங்கள். கீட்டோவில் நெட் கார்ப் பொதுவாக நாளுக்கு 20 முதல் 50 கிராம். புரதத்தை உங்கள் எடையையும் சிறுநீரகப் பரிசோதனையையும் பார்த்து மருத்துவர் சொல்வார். செயலியில் அன்றைய கொழுப்பு இலக்கைக் காட்டும் வட்டம் நிரம்பவில்லையே என்று ராத்திரி நெய்யை எடுத்துக் குடிப்பவர்களைப் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. எடை குறைக்க வந்தவருக்கு அந்த வட்டம் ஓர் உச்சவரம்பு, பசி அடங்கிவிட்டால் நிரப்பத் தேவையே இல்லை. நடந்ததற்குக் கலோரியைத் திருப்பித் தரும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். எண்ணிப் பார்க்காமல் ஒரு வாய் வைக்கவே பயமாக இருக்கிறது என்ற நிலை வந்தால், செயலியை நீக்கிவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அக்கா மகனுக்கு இந்தச் செயலிகள் போதாது. வலிப்புக்கான கீட்டோ உணவு 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் முன்வைத்த சிகிச்சை. அதில் பார்ப்பது வெறும் கார்ப் அளவை இல்லை, விகிதத்தை. நான்குக்கு ஒன்று என்றால், புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்த ஒவ்வொரு கிராமுக்கும் நான்கு கிராம் கொழுப்பு. ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் அந்த விகிதத்தில் அமைய வேண்டும், குழந்தையின் வளர்ச்சிக்குப் புரதமும் குறையக் கூடாது. அவன் குடிக்கிற சிரப்பில் இருக்கும் சர்க்கரைகூடக் கணக்கில் வரும். குழந்தை நரம்பியல் மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்கிற உணவியல் நிபுணர்தான் அதைப் போட்டுத் தர வேண்டும். கொழுப்பை எரிப்பதில் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இந்த உணவே ஆபத்து என்பதால், தொடங்கும் முன் சில ரத்தப் பரிசோதனைகளும் செய்வார்கள். அக்காவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது, பரிசோதனைகள் முடியும்வரை வீட்டில் எதையும் ஆரம்பிக்க வேண்டாம் என்பதுதான்.

நீங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இந்த இரண்டு வாரப் பதிவைச் செயலியிலிருந்து இறக்கி அச்செடுத்துக்கொண்டு போங்கள். மூன்று மாதச் சர்க்கரை சராசரி, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கொழுப்பு அளவுகள் பார்த்து நாளாகியிருந்தால் அவற்றையும் கேளுங்கள். கீட்டோவில் சிலருக்குக் கெட்ட கொழுப்பு நன்றாகவே ஏறும். தொடங்கும்போது எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் மூன்று மாதம் கழித்து ஒப்பிட முடியும்.