மறதி நோய்க்கு மூலிகை கேப்ஸ்யூல் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. அல்சைமர் என்று டோனெபெசில் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். டோனெபெசிலை நிறுத்திவிட்டு வல்லாரை, மஞ்சள் கேப்ஸ்யூல், ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சாற்று மாத்திரை கொடுக்கச் சொல்கிறார் சித்தப்பா. கொடுக்கலாமா?

பதில்: டோனெபெசிலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது நோயைக் குணமாக்காது, உண்மைதான். ஆனால் திடீரென்று நிறுத்தினால் சிலருக்குத் தடுமாற்றம் அதிகமாகிவிடும்.

செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லமாட்டேன். அல்சைமருக்குக் கொடுக்கும் கேலன்டமைன், ஸ்னோடிராப் என்ற பூச்செடியின் கிழங்கிலிருந்து வந்ததுதான். 1950களில் பல்கேரியாவிலும் சோவியத் நாட்டிலும் ஆராயத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது 2001-இல். எத்தனை மில்லிகிராம், யாருக்கு ஆகாது என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் அது மாத்திரையானது.

ஜிங்கோ அந்தச் சோதனையில் தேறவில்லை. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரில் ஒரு பாதிக்கு ஜிங்கோவும் மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்து, சுமார் 6 ஆண்டுகள் பார்த்தார்கள். மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை என்று 2008-இல் தெரிந்தது. ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயமும் கூடலாம். அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம்.

மஞ்சளில் உள்ள குர்குமின் உடம்பில் சரியாகச் சேராது. அதனால் கேப்ஸ்யூலில் மிளகின் பைப்பரினைக் கலக்கிறார்கள். அப்படிச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

வல்லாரைத் துவையல் அம்மாவுக்குப் பிடித்தால் தாராளமாக அரைத்துக் கொடுங்கள். பொடி வேண்டாம். கடையில் ‘பிராமி’ என்று கேட்டால் சிலர் வல்லாரையைத் தருவார்கள், சிலர் நீர்ப்பிரமியைத் தருவார்கள். இரண்டும் வேறு வேறு செடி. அல்சைமரை மாற்றும் என்பதற்கு இரண்டுக்குமே சான்று இல்லை.

அப்புறம், ‘ஞாபகசக்தி’ கேப்ஸ்யூல் ஏதாவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் டப்பாவைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘ஹூபர்சின்’ என்று இருந்தால் கொடுக்காதீர்கள். அதுவும் டோனெபெசில் செய்யும் வேலையையே செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் நாடித்துடிப்பு குறைந்து மயங்கி விழக்கூடும்.

பி12, தைராய்டு பரிசோதனைகள் செய்தாயிற்றா? அவற்றின் குறைபாட்டாலும் மறதி கூடும், அதைச் சரிசெய்யவும் முடியும். அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டிலுள்ள எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.