திங்களும் வெள்ளியும் வீட்டில்: போன் வாங்கக் கடன்படலாமா?

கேள்வி: நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். கணவருக்குக் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை. பஸ் கட்டணம் கூடியதிலிருந்து அவர் வீட்டுக்கு வருவதும் குறைந்துவிட்டது. மகன் மூன்றாம் வகுப்பு. பெட்ரோல், டீசல் தட்டுப்பாட்டால் 2022 ஜூலை 25ஆம் திகதியிலிருந்து செவ்வாய், புதன், வியாழன் மட்டும்தான் பாடசாலை. திங்களும் வெள்ளியும் டீச்சர் வட்ஸ்அப்பில் பாடம் போடுகிறார். என்னிடம் இருப்பது பட்டன் போன். அவனுக்கு இன்னும் ஒழுங்காக வாசிக்க வராது. டவுன் கடையில் 45,000 ரூபாய் போனைத் தவணைக்குத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா? இல்லாவிட்டால் அவனைத் திரும்ப இரண்டாம் வகுப்பிலேயே விடச் சொல்லிக் கேட்கலாமா? வீட்டில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார், அவருக்கு எழுத்துத் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலையில் போகமாட்டேன் என்று அழுகிறான். சில நாள் சாப்பாடு கட்டிக் கொடுக்கவும் ஒன்றும் இருப்பதில்லை. போன கிழமை புதனன்று மண்ணெண்ணெய் வரிசைக்கு மாமியாரோடு அவனையும் அனுப்பிவிட்டேன்.
– பெயர் வேண்டாம், தலவாக்கலைப் பக்கம்

பதில்: தங்கச்சி, போன் வாங்க வேண்டாம். கடைக்காரர் இன்னொரு தடவை ஆள் அனுப்புவதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்றால் 45,000 ரூபாய் உங்களுக்கு 45 முழுப்பேர், அதாவது 45 நாள் முழுச் சம்பளம். உரம் இல்லாமல் கொழுந்து குறைந்துபோன இந்த வருஷத்தில், கேட்கிற கிலோ வராமல் அரைப்பேர் விழுகிற நாட்களும் இருக்கும். தவணை என்றால் வட்டியும் சேரும். அதற்கு மேல் மாதாமாதம் டேட்டா. இவ்வளவும் கொடுத்து வாங்கினாலும் அந்தப் போன் பகலில் யார் கையில் இருக்கும்? நீங்கள் மலையில். மாமியாருக்கு அதைத் திறக்கத் தெரியாது. சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு எட்டு வயதுப் பிள்ளை தனியாகப் போனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்தில் சார்ஜும் இல்லை. டீச்சர் போட்ட பாடத்தை அவன் பார்ப்பதற்குள் கேம் விளையாடக் கற்றுக்கொண்டுவிடுவான். அதைக் கற்றுக்கொள்ள எந்தப் பிள்ளைக்கும் டீச்சர் தேவைப்படுவதில்லை!

உங்கள் வீட்டில் ஒரு ஸ்மார்ட் போன் ஏற்கெனவே இருக்கக்கூடும், கொழும்பில். கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, ஆனால் கடையில் வேலை செய்கிறவரிடம் அநேகமாக ஒன்று இருக்கும். இருந்தால் டீச்சரிடம் போய் வகுப்புக் குழுவில் கணவரின் நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள். டீச்சர் போடுவதை அவர் அங்கே பார்க்கட்டும். ஞாயிறு ராத்திரியும் வியாழன் ராத்திரியும் உங்கள் பட்டன் போனுக்கு எடுத்து, "கணக்குப் புத்தகத்தில் இந்தப் பக்கம், தமிழில் இந்தப் பாடம்" என்று சொல்லட்டும். மகன் அதைத் தானே கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். டீச்சர் அன்றன்று காலையில்தான் போடுவார் என்றால், முதல் நாளே போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அதோடு நிறுத்த வேண்டாம். போனை வைப்பதற்கு முன் மகன் அப்பாவுக்கு ஐந்து வரி வாசித்துக் காட்டட்டும். மாதக்கணக்கில் முகம் பார்க்காத அப்பா "அடுத்த வரி?" என்று கேட்டால் பிள்ளை வாசிப்பான். நீங்களும் நானும் கேட்டால் கொட்டாவி விடுவான். தூரத்தில் இருக்கிற அப்பாவுக்கும் காசு அனுப்புவது தவிர இங்கே ஒரு வேலை இருக்கட்டும்.

கணவரிடமும் அப்படிப் போன் இல்லையென்றால் வியாழக்கிழமை பாடசாலை விடும்போது டீச்சரிடமே கேட்டு வாங்குங்கள். போட்டோ கொப்பி மட்டும் கேட்காதீர்கள். கடதாசி இல்லாமல் 2022 மார்ச் மாதம் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. தோட்டப் பாடசாலை டீச்சர் ஒருவர் தாளடித்துக் கொடுக்கிறார் என்றால் அநேகமாகத் தன் கைக்காசில்தான் கொடுப்பார். அரசாங்கம் கொடுத்த பாடப்புத்தகம் பையனிடம் இருக்கிறது. அதில் எந்தப் பக்கம் என்று கொப்பியின் ஓரத்தில் இரண்டு எண் எழுதிவிட்டால் போதும், செவ்வாயன்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். டீச்சரும் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து வருகிறவர்தான், போன் இல்லாத வீடுகளை அவர் மறந்திருக்க மாட்டார். நீங்கள் போய்க் கேட்டால் அவருக்கும் ஒரு பிள்ளையின் கவலை குறையும்.

இனி வாசிப்பு. உங்கள் மகனின் பள்ளி வாழ்க்கையை ஒருதரம் திரும்பிப் பாருங்கள். 2020 ஜனவரியில் முதலாம் வகுப்பில் சேர்ந்திருப்பான். மார்ச் நடுவில் நாடு முழுவதும் பாடசாலைகளை மூடினார்கள். பிறகு மெல்லத் திறந்து, ஒக்டோபரில் திரும்ப மூடினார்கள். அடுத்த வருஷம் சித்திரைக்குப் பிறகு மூடியது ஒக்டோபர் 21ஆம் திகதிதான் திறந்தது, அதுவும் முதலில் 200 பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் மட்டும். நடுவில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழிப் பாடத்தையும் நிறுத்தியிருந்தார்கள். 2022 ஏப்ரல் 18இல் மூன்றாம் வகுப்புத் தொடங்கியது, ஜூனில் பெட்ரோலும் டீசலும் இல்லாமல் மறுபடியும் மூட வேண்டியதாயிற்று. எழுத்துப் படிக்க வேண்டிய இரண்டு வருஷமும் இப்படிப் போன பிள்ளைக்கு வாசிப்பு வராததில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவன் மக்கு இல்லை. மாமியாரோ அக்கம்பக்கத்தாரோ அந்தச் சொல்லை அவன் காதில் போட்டால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

அவனைத் திரும்ப இரண்டாம் வகுப்பில் விடுவது வீண் வேலை. நம் ஆரம்பப் பிரிவில் பிள்ளைகளைப் பின்னால் நிறுத்துவது வழக்கமில்லை. அப்படியே நிறுத்தினாலும் கூட்டாளிகள் மேலே போக இவன் மட்டும் கீழே உட்கார்ந்தால் இருக்கிற ஆசையும் போய்விடும். அவன் வகுப்பில் பாதிப் பேருக்கு இதே கதைதான் என்று டீச்சரே சொல்வார்.

வாசிக்க வராது என்று மொத்தமாக எழுதியிருக்கிறீர்கள். எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். ஒரு மாலை பக்கத்தில் உட்காரவைத்து இந்தச் சொற்களை எழுதிக் காட்டுங்கள்: படம், மரம், பட்டம். இவற்றை வாசித்தால் தனி எழுத்தும் புள்ளி எழுத்தும் வந்துவிட்டன. அடுத்து கால், மான், கிளி, கீரி, குருவி, பூட்டு. அதற்கும் அடுத்து மலை, கெண்டை, தேள், கொக்கு, கோழி. இந்த வயதில் தடுக்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் கடைசி வரிசையில்தான் நிற்கிறார்கள். முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று வருகிற ‘கொ’வை அவர்கள் ‘கெ, கா’ என்று துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். பார்த்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத நாட்களில் விட்டுப்போன இடம் அது. உங்கள் பையனும் அங்கேதான் நிற்கிறான் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு கிழமைக்கு ஒரு குறி என்று எடுத்தாலும் பாடசாலைத் தவணை முடிவதற்குள் வந்துவிடும். முதல் வரிசையிலேயே தடுக்கினால் டீச்சரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவனுக்கு மூன்றாம் வகுப்புப் பாடம் இப்போது அவசரமில்லை. பக்கத்து வீட்டில் யாராவது முடித்துப் போட்ட முதலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இருக்கும், அதை வாங்கி வையுங்கள். "சின்னப் பிள்ளைகளின் புத்தகம்" என்று முகம் சுளிப்பான். பக்கத்து வீட்டுச் சின்னதுக்கு வாசித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், சுளிப்பு குறையும்.

ர, ற, ல, ள, ழ குழப்பத்துக்கு இப்போது அடிக்க வேண்டாம். அது பெரியவர்களுக்கே இருக்கிறது.

மாமியாருக்கு எழுத்துத் தெரியாது என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். திங்கள், வெள்ளியில் உங்களுக்குக் கிடைத்திருக்கிற ஆள் அவர்தான். காலையில் அரை மணி நேரம், வேலை ஓய்ந்த பிறகு பின்னேரம் இன்னொரு அரை மணி நேரம், அவன் விரல் வைத்து வாசிக்க அப்பாயி கேட்கட்டும். பிழை பிடிக்க அவருக்குத் தெரியாதுதான். அதனால் என்ன? பிழை பிடிக்க ஆள் பக்கத்தில் இருந்தால் வாயே திறக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அப்புறம் என்ன ஆச்சு?" பதில் சொல்ல முடிந்தால் அவன் விளங்கி வாசிக்கிறான். சும்மா எழுத்தை மட்டும் உருட்டிக்கொண்டு போனால் பதில் வராது, அது எழுத்துத் தெரியாதவருக்கும் புரிந்துவிடும். அப்புறம் அவர் பழைய கதை ஒன்று சொல்லட்டும், பேரன் அதில் மூன்று வரி கொப்பியில் எழுதட்டும், எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டட்டும். தமிழ்ப் பாடம் அன்றைக்கு அவ்வளவு போதும்.

கணக்குக்கு நீங்கள் மலையிலிருந்து கொண்டுவருவதே இருக்கிறது. காலை நிறுவை எவ்வளவு, பகல் எவ்வளவு, பின்னேரம் எவ்வளவு என்று சொல்லுங்கள், அவன் கூட்டட்டும். பேருக்கு இன்னும் எத்தனை கிலோ வேண்டியிருந்தது என்று கழிக்கட்டும். ஒரு மாதம் அவன் கொப்பியில் எழுதி வைத்தால் சம்பள நாளில் உங்களுக்கும் கையில் ஒரு கணக்கு இருக்கும். சுற்றாடல் பாடத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, அவன் ஏற்கெனவே நாள் முழுக்க வெளியில்தான் நிற்பான்.

திங்களிலும் வெள்ளியிலும் இதற்கு மேல் செய்ய வேண்டாம். ஏழரைக்கு உட்காரவைத்து ஒன்றரை வரைக்கும் பாடசாலை நடத்தப் பார்க்கிற வீடுகள் இருக்கின்றன. இரண்டு கிழமையில் பிள்ளையும் சலித்துப்போகிறது, பெரியவர்களும் சலித்துப்போகிறார்கள்.

ஆனால் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஒரு நாள்கூட விடக்கூடாது. இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன். மண்ணெண்ணெய் வரிசையில் இடம் பிடிக்க ஆள் வேண்டும் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. அடுப்பும் விளக்கும் அதை நம்பித்தான் இருக்கின்றன. என்றாலும் கிழமைக்கு மூன்றே நாள் டீச்சரின் முகம் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு நாள் போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வரிசைக்கு லயத்தில், அதாவது உங்கள் தோட்டக் குடியிருப்பில், நாலு வீடு சேர்ந்து முறை வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் திங்களோ வெள்ளியோ அவனை அனுப்புங்கள், போகும்போது கையில் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புங்கள்.

செவ்வாய்க்கிழமை அழுகைக்கு வருகிறேன். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று நாலு நாள் வீட்டில் இருந்துவிட்டுக் கிளம்புவது எந்தப் பிள்ளைக்கும் கஷ்டம்தான். திங்கள் பின்னேரமே பையை அடுக்கி, சட்டையை எடுத்து வைத்து, நேரத்தோடு படுக்கவிடுங்கள். காலையில் பக்கத்து லயத்துப் பிள்ளை வந்து கூப்பிடுகிற மாதிரி ஏற்பாடு செய்யுங்கள். இவை எல்லாம் உதவும். ஆனாலும் எனக்கு வேறு சந்தேகம். கட்டிக் கொடுக்க ஒன்றும் இருப்பதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவன் அழுகிற நாளும் அந்த நாளும் ஒன்றாக வருகிறதா என்று கவனியுங்கள். மற்றவர்கள் டப்பாவைத் திறக்கும்போது வெளியே போய் நிற்க வெட்கப்பட்டு, அதைச் சொல்லவும் தெரியாமல், வயிறு வலிக்கிறது என்று அழுகிற பிள்ளைகள் இந்த வருஷம் நம் மலையில் நிறைய. மாவு விற்கிற விலையில் காலை ரொட்டிக்கே திண்டாட்டமாக இருக்கும்போது இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அதற்காக அவனை வீட்டில் நிறுத்த வேண்டாம். டீச்சரிடம் தனியாக, "இன்றைக்குக் கொடுத்துவிட ஒன்றும் இல்லை டீச்சர்" என்று சொல்லுங்கள். இதைக் கேட்டு முகம் திருப்புகிற டீச்சரை நான் அதிகம் பார்த்ததில்லை. பாடசாலையில் சாப்பாடு கொடுக்கிறார்களா, நின்றிருந்தால் எப்போது திரும்பத் தொடங்கும் என்பதையும் அதிபரிடம் கேளுங்கள். நாலு தாய்மார் சேர்ந்து போய்க் கேட்டால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று. அவன் வாசிக்கும்போது புத்தகத்தை மூக்குக்குக் கிட்டப் பிடிக்கிறானா, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறானா என்று பாருங்கள். முதலாம் வகுப்பிலும் நாலாம் வகுப்பிலும் பாடசாலைக்கு வந்து பிள்ளைகளைச் சோதிக்கிற மருத்துவப் பரிசோதனை ஒன்று உண்டு, அதில் கண்ணும் பார்ப்பார்கள். இவன் முதலாம் வகுப்பில் இருந்த வருஷம் பாதி நாள் பாடசாலை பூட்டியே கிடந்தது, அந்தப் பரிசோதனை இவனுக்கு நடந்ததா என்று டீச்சரிடம் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் நாலாம் வகுப்பு வரைக்கும் காத்திருக்காமல் இந்த மாதமே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கண்ணைக் காட்டிவிடுங்கள்.