ரிப்போர்ட் சொல்லாத விஷயம்

கேள்வி: 3டி பிரின்டிங்கில் செய்த எங்கள் டைட்டானியம் பிராக்கெட், வளைத்துப் பார்த்தபோது பட்டென்று ஒடிந்துவிட்டது. அதே கிரேடு 5 கம்பியில் கடைந்து எடுத்தது நன்றாக வளைகிறது. கெமிக்கல் ரிப்போர்ட் இரண்டுக்கும் ஒன்றுதான். எங்கே தப்பு?
– வாசகர், கோவை

பதில்: ரிப்போர்ட்டில் தப்பில்லை. 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் என்பதோடு அதன் வேலை முடிந்தது. உலோகம் எப்படி ஆறியது என்று அது சொல்லாது.

சுத்த டைட்டானியம் 882 டிகிரி செல்சியஸில் அணு அடுக்கை மாற்றிக்கொள்ளும். அந்த வெப்பத்துக்குக் கீழே இருக்கும் அடுக்குக்கு ஆல்ஃபா என்று பெயர், மேலே இருப்பதற்கு பீட்டா. அலுமினியம் ஆல்ஃபாவைத் தாங்கிப் பிடிக்கும், வனேடியம் பீட்டாவை. உங்கள் கலவை சுமார் 995 டிகிரியைத் தாண்டினால் முழுக்க பீட்டாதான். மெதுவாக ஆறவிட்டால் வனேடியம் நகர்ந்து பீட்டாவில் போய்ச் சேர நேரம் கிடைக்கும். 3டி பிரின்டரில் லேசரால் உருகிய டைட்டானியம் பொடியோ கண் இமைப்பதற்குள் உறைந்து குளிர்ந்துவிடுகிறது. வனேடியம் இருந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ள, மார்ட்டென்சைட் ஊசிகள் (சட்டென்று ஆறும்போது உருவாகும் ஊசி வடிவ அடுக்கு) உண்டாகின்றன. பலம் கூடும், நீட்சி குறையும்.

நான் வேலை பார்த்த லேபில் ஒரே கம்பியை இரண்டாக வெட்டி, 1000 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஒன்றைத் தண்ணீரில் போட்டோம். மற்றதை ஃபர்னஸுக்குள்ளேயே விட்டோம். பாலிஷ் செய்து, ஆசிட் தடவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது முதல் துண்டில் சவுக்கு மரத்தடியில் உதிர்ந்து கிடப்பது போல ஊசிகள். இரண்டாவதில் கத்தை கத்தையாக அடுக்கிய கீற்று. ஒரே கம்பிதானா என்று லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சரி, உங்கள் பிராக்கெட்டுக்கு என்ன செய்யலாம்? வாக்குவம் ஃபர்னஸில் 800 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிடுங்கள். ஊசிகள் கலைந்து ஆல்ஃபாவும் பீட்டாவுமாகப் பிரியும். சீக்கிரம் முடியட்டும் என்று 995-ஐத் தாண்டிவிடாதீர்கள், பீட்டா மணிகள் (உலோகத்துக்குள் இருக்கும் சிறு படிகங்கள்) பருத்துவிடும். செலவைப் பார்த்து சாதாரண ஃபர்னஸில் வைப்பதும் வேண்டவே வேண்டாம். காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் மேற்பரப்பில் இறங்கும். அதுவும் ஆல்ஃபாவை வளர்க்கும் பொருள்தான். அப்படி வந்த துண்டுகளை வெட்டிப் பார்த்திருக்கிறேன்: ஓரம் முழுக்க வெள்ளைப் பட்டை, கண்ணாடி போல நொறுங்கும் தோல். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

அப்புறம், ஒடிந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முறிந்த முகத்தை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். உருகாத பொடி உருண்டைகள் தெரிந்தால் ஹீட் ட்ரீட்மென்ட் அதைச் சரிசெய்யாது. லேசர் செட்டிங்கைத்தான் மாற்ற வேண்டும்.