குதிரையை லாரியில் ஏற்றும்போது காலுக்கு பூட்ஸா, துணிக்கட்டா?

கட்டுப் போட்டுப் பழகாத கை என்றால் பூட்ஸ்தான், அதாவது காலைச் சுற்றி வெல்க்ரோ ஒட்டுப்பட்டையால் மாட்டும் மெத்தை உறை. முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழிருந்து குளம்பின் மேல்விளிம்பும் குதிப்பகுதியும் மறையும்வரை அது இறங்க வேண்டும். வண்டி குலுங்கும்போது குதிரை தன் காலையே மிதித்துக்கொள்வது அங்கேதான். பின்னங்காலுக்கு, நடுவில் பின்னோக்கித் துருத்தி நிற்கும் ஹாக் மூட்டையும் மூடும் உயரமானது நல்லது. வெல்க்ரோ வெளிப்பக்கம் வரட்டும்.

கட்டுதான் வேண்டுமென்றால் அடியில் சுருக்கமில்லாத தடித்த பஞ்சு மெத்தை அவசியம். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும், இழுப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். மெத்தையில்லாமல் இறுக்கினால் பின்பக்கத் தசைநாண் காயப்பட்டு வீங்கும். தளர்ந்தால் அவிழ்ந்து காலில் சிக்கும். குளம்பு விளிம்புக்கு மணி வடிவ ரப்பர் பூட்ஸ் தனியாக மாட்டுங்கள்.

எதுவானாலும் சில நாள் முன்பே லாயத்தில் மாட்டி நடக்கவிடுங்கள். பழகாத குதிரை வண்டிக்குள் உதைத்துத் திமிறும். அதற்கு வெறுங்காலே மேல். நீண்ட வெயில் பயணத்தில் உள்ளே வியர்த்துத் தோல் உரசும், நிறுத்துமிடமெல்லாம் விரல்விட்டுப் பாருங்கள்.