டயர் மாத்தினதும் செக் என்ஜின் லைட் எரியுதா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, ஃபோர்டு எண்டேவர் 3.2ல 265/60 ஆர்18 கழட்டிட்டு 285/65 ஆர்18 போட்டேன். ஒரே வாரத்துல லைட் வந்துருச்சு, ஸ்கேனர்ல பி1635ன்னு எரர் கோடு. பெங்களூர் ஜே.சி. ரோட்டுக் கடைல ஸ்பீடு சென்சார் மாத்தணும்ங்கறாங்க, மாத்தவா?

பதில்: காச எடுத்து உள்ள வைங்க தம்பி. ஃபோர்டுல பி1635ன்னா டயர் சைஸோ ஆக்ஸில் ரேஷியோவோ (வீல் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்தணும்ங்கற கணக்கு) வண்டி கம்ப்யூட்டர் ஒத்துக்கற அளவுக்குள்ள இல்லன்னு அர்த்தம், சென்சார் செத்துருச்சுன்னு இல்ல. கணக்கு நீங்களே போடலாம். பழைய டயர்ல அகலம் 265 மிமீ, அதுல 60 சதவீதம் பக்கவாட்டு உயரம், 159 மிமீ, மேல கீழ சேத்து 318, ரிம் 18 இஞ்ச்னா 457, ஆக மொத்தம் 775. புதுசுக்கு இதே மாதிரி போட்டா 828 வருது. ஏறக்குறைய 7 சதவீதம் பெருசு, அதாவது முன்னாடி மீட்டர் கரெக்ட்டா இருந்திருந்தா இப்ப 80 காட்டறப்ப வண்டி 85ல போகும், பெங்களூர் நைஸ் ரோடு (NICE Road) ஸ்பீடு கேமரா கிட்ட போய் மீட்டர காட்டி வாதாட முடியாது. கோட அழிச்சா மட்டும் போதாது, திரும்ப வரும். ஒண்ணு பழைய சைஸுக்கு போங்க, இல்ல வண்டி கம்ப்யூட்டர் மாட்யூல்ல புது டயர் அளவ எழுதற ஆளா பாத்து குடுங்க.

கேள்வி: ஸ்விஃப்ட்ல 165/80 ஆர்14ல இருந்து 185/65 ஆர்15 போகப்போறேன் சார், எனக்கும் கோடு வருமா?

பதில்: வராது. அதே கணக்குல டயர் உயரம் பழசு 620, புதுசு 622, வித்தியாசம் 2 மிமீ தான். தாராளமா போடுங்க.

கேள்வி: செகண்ட்ஸ்ல ஒரு பிக்கப் வாங்கினேன்ணா, பழைய ஓனர் டிஃபரன்ஷியல மாத்திருக்கார் போல. கழட்டாம ரேஷியோ எப்படி பாக்கறது?

பதில்: இது நல்ல கேள்வி. முன் வீலுக்கு கட்டை குடுத்து, பின் ஆக்ஸில ஜாக்குல தூக்கி ஸ்டாண்ட் மேல உக்கார வைங்க (வெறும் ஜாக்க நம்பி கீழ படுக்காதீங்க), நியூட்ரல், ஹேண்ட் பிரேக் ரிலீஸ். டயர்லயும் புரொப்பல்லர் ஷாஃப்ட்லயும் (கியர் பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்கு வர நீளக் கம்பி) சாக்பீஸ்ல ஒரு கோடு. ரெண்டு வீலயும் ஆளுக்கு ஒருத்தரா ஒண்ணா ஒரு முழு சுத்து சுத்துங்க, ஷாஃப்ட் எத்தன சுத்துதுன்னு எண்ணுங்க. மூணே முக்கால்னா 3.73, நாலும் கொஞ்சமும்னா 4.10. டிஃபரன்ஷியல் உள்ள இருக்கற பெரிய பல்சக்கரம் கிரவுன்ல 41 பல்லு, அத சுத்தற சின்ன சக்கரம் பினியன்ல 11 இருந்தா 3.73, பினியன் 10னா 4.10, அவ்ளோதான். ஒரு வீல மட்டும் சுத்தாதீங்க, எதிர் வீல் பின்னாடி ஓடி கணக்கு குழம்பிடும், நான் ஒரு ஞாயித்துக்கிழம மத்தியானம் பூரா அப்படி எண்ணிட்டு உக்காந்திருந்தவன்.

கேள்வி: அண்ணா, பஞ்சர் ஆகி ஒரே ஒரு டயர் புதுசு போட்டேன், அதுல இருந்து ஏபிஎஸ் லைட் எரியுது.

பதில்: மொதல்ல நாலு டயர் பக்கவாட்டுல போட்டிருக்கற நம்பரயும் குனிஞ்சு படிங்கம்மா, கடைக்காரர் ஸ்டாக்ல இருந்தத மாட்டி விட்டிருக்கலாம். நம்பர் ஒண்ணா இருந்தா அந்த வீலோட சென்சார் வயர பாருங்க, டயர் கழட்டறப்ப இழுபட்டிருக்கும், பேஸ்மென்ட் பார்க்கிங்னா எலி கடிச்சிருந்தாலும் ஆச்சரியமில்ல. அதுவும் சரியா இருந்தா கோடு நம்பரோட வாங்க.